அறிமுகம் இல்லாதவரின் விண்ணப்பம்

முனைவர் பட்டத்துக்கும் நிலையான ஆய்வுப் பணிக்கும் நடுவில் அறிவியலாளரும் பொறியாளரும் கழிக்கும் இரண்டு, மூன்று, சிலருக்கு எட்டு ஆண்டுகளுக்குப் போஸ்ட்டாக் என்று பெயர். ஆய்வேட்டை முடித்தவர் இன்னொருவரின் ஆய்வகத்தில் குறித்த காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்து வேலை செய்கிறார். மாணவருக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. ஆசிரியருக்குரிய உரிமை இன்னும் வரவில்லை. இந்த இடம் ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு எழுதி வைத்த விதி எங்கும் இல்லை. அரசுப் பணிக்குத் தேர்வு உண்டு. கல்லூரி வேலைக்கு விளம்பரமும் இன்டர்வியூவும் உண்டு. போஸ்ட்டாக் இடங்களில் பல, விளம்பரம் வெளியாகும் முன்பே நிரம்பிவிடுகின்றன. விளம்பரமாகும் சிலவற்றுக்கும் ஆள் ஏற்கெனவே மனதில் இருக்கிறார். எதையும் அளந்து பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் ஒரு துறை, தன் அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் யாருக்கு யாரைத் தெரியும் என்பதை இவ்வளவு நம்பியிருப்பது உறுத்துகிறது. அந்த உறுத்தலை ஒதுக்கிவிட்டு இந்த வேலைதேடலை விவரிக்க முடியாது. தேடலின் ஒவ்வொரு கட்டத்திலும் அது குறுக்கே வந்து நிற்கிறது.

இப்படி ஓர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் இயற்பியல், வேதியியல் முனைவர்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. பாடம் நடத்தும் சுமை இல்லாமல் இளைஞர்கள் சில காலம் ஆய்வு மட்டும் செய்யட்டும் என்பதே நோக்கம். 1927இல் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் பெற்ற ஓப்பன்ஹைமர் இந்த உதவித்தொகையில்தான் ஹார்வர்டுக்கும் கால்டெக்குக்கும் போனார். அன்று அது வெகு சிலருக்குக் கிடைத்த ஓய்வான காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுப் பணம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குள் பாய்ந்தபோது நிலைமை மாறியது. பணம் ஆய்வுக்குழுத் தலைவரின் பெயரில் ப்ராஜெக்ட்டாக வந்தது. ப்ராஜெக்ட்டை முடிக்கக் கைதேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அமெரிக்காவில் இன்று சுமார் 60,000 போஸ்ட்டாக்குகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள். சிலருக்கான சலுகையாகத் தொடங்கியது பலருக்கான உழைப்பாகிவிட்டது. ஆனால் ஆளெடுக்கும் முறை மட்டும், ஒரு பேராசிரியர் தன் நண்பரான இன்னொரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதி மாணவரை அனுப்பிவைத்த காலத்தின் முறையாகவே நின்றுவிட்டது.

தேடல் தொடங்க வேண்டிய நேரம் ஆய்வேடு முடிவதற்கு ஓராண்டு முன்பு. துறைக்குத் துறை நாள்காட்டி வேறு. வானியலில் பெரிய உதவித்தொகைகளுக்கான விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில் முடியும். வேலை அழைப்புக்குப் பிப்ரவரி 15க்கு முன் பதில் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று ஒரு பொது ஏற்பாடும் உண்டு. நாசா தரும் ஹபிள் உதவித்தொகைக்குப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 24 பேரை எடுத்துவந்திருக்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களிலிருந்து. வேதியியல், உயிரியல், பொறியியல் துறைகளில் இப்படி ஒரு பருவமே கிடையாது. ஒரு ஆய்வகத்துக்கு ப்ராஜெக்ட் நிதி வரும் நாளே அங்கே ஆள் தேவைப்படும் நாள். இந்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு: தான் எந்த மாதம் விடுபடுவோம் என்பதே அவருக்குத் தெரியாது. சினாப்சிஸ் கொடுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, அது தேர்வாளர்களுக்குப் போய், அறிக்கைகள் திரும்பி வந்து, வைவா நாள் குறிக்கப்படும் வரை ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை ஆண்டும் ஆகலாம். மூத்த ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 முதல் மாதம் 42,000 ரூபாய். ஐந்தாண்டு முடிந்ததும் அது நின்றுபோகும், ஆய்வேடு தேர்வாளரின் மேசையில் கிடந்தாலும்கூட. அந்த இடைவெளியில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பட்டச் சான்று கையில் இல்லாமல் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு எழுதுபவர், எப்போது சேர முடியும் என்ற முதல் கேள்விக்கே உறுதியான பதில் தர முடியாமல் தடுமாறுகிறார். அவர் தடுமாறும் அதே வாரத்தில், முடிக்கும் தேதியை முன்கூட்டியே அறிந்த ஒரு ஜெர்மன் மாணவர் அந்த இடத்தில் சேர்ந்துவிடுகிறார்.

அடுத்தது கடிதம். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியருக்கு வேலை கேட்டு மின்னஞ்சல் எழுதுவது இந்தத் தேடலின் மையமான செயல். அதில் என்ன இருக்க வேண்டும் என்பது பற்றி அனுபவம் உள்ளவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுதுபவர் தன் ஆய்வில் கண்டது என்ன என்பதை இரண்டு மூன்று வரிகளில் சொல்ல வேண்டும். பெறுபவரின் அண்மைக்காலக் கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்திருக்க வேண்டும். அதில் விடைபடாமல் நிற்கும் ஒரு கேள்வியைத் தொட்டு, அதற்குத் தன் கையில் உள்ள திறமை எப்படி உதவும் என்று காட்ட வேண்டும். தன்விவரக் குறிப்பும், பரிந்துரை எழுதக்கூடிய மூவரின் பெயர்களும் உடன் போக வேண்டும். பெயரை மட்டும் மாற்றி இருநூறு பேருக்கு அனுப்பிய கடிதம் திறந்த கணத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து போகும் கடிதங்களில் இன்னொன்றும் அடிக்கடி காணப்படுகிறது: மிகை வணக்கம். மதிப்புக்குரிய, பேரன்புக்குரிய என்று தொடங்கி, தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு வாய்ப்பு அளித்தால் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருப்பேன் என்று முடிகிறது. ஐந்தாண்டு இரவும் பகலும் வேலை செய்து ஒரு பொருளின் காந்தப் பண்பை உலகில் முதன்முறையாக அளந்தவர், அதைச் சொல்வதற்கு முன் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடு அவருடைய குறையல்ல. கல்லூரி முதல்வர் அறை வாசலிலும், ஸ்காலர்ஷிப் கையெழுத்துக்காகக் காத்திருந்த அலுவலக வராந்தாவிலும் அவருக்குப் பழக்கப்பட்டது. ஆனால் பாஸ்டனிலோ சூரிக்கிலோ அதைப் படிப்பவருக்கு அந்த வராந்தா தெரியாது. தன்னம்பிக்கை இல்லாதவர் என்ற முடிவோடு அவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுகிறார்.

பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. இது புதிதல்ல. 1901இல், படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த ஐன்ஸ்டைன் ஐரோப்பாவின் இயற்பியல் பேராசிரியர்களுக்கு உதவியாளர் பணி கேட்டு எழுதினார். லெய்டனில் இருந்த காமர்லிங் ஓனஸுக்கு அவர் அனுப்பியது, பதிலுக்கான தபால்கட்டணமும் செலுத்தப்பட்ட இரட்டை அஞ்சலட்டை. பதில் அட்டை எழுதப்படாமலே கிடந்தது. இன்று லெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை கடிதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1976இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவரான அவர், உயிரியலுக்கு மாற விரும்பி சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். நியூட்ரான் சிதறலைக் கொண்டு ரைபோசோமை ஆராய்வது பற்றி சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எங்கெல்மனும் பீட்டர் மூரும் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு எங்கெல்மனுக்கு எழுதினார். கடிதம் மூரின் கைக்குப் போனது. யேலில் போஸ்ட்டாக் இடம் கிடைத்தது. 2009இல் நோபல் பரிசு வரை போன பாதை அங்கே திறந்தது. ஆனால் யேலில் நான்காண்டு வேலை செய்தபின் ஆசிரியர் பணிக்காக அவர் சுமார் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இத்தகைய கதைகளை இளம் ஆய்வாளர்களுக்குச் சொல்லி ஊக்கப்படுத்துவது வழக்கம். அதில் ஒரு தயக்கம் எழாமல் இல்லை. பின்னாளில் பெரிய பெயரானவர்களுக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு மட்டுமே வரலாற்றில் பதிவாகிறது. மூன்றாவது ஆண்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரகடத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தவரின் பதில் வராத மின்னஞ்சல்களுக்கு அருங்காட்சியகம் கிடையாது. அவரிடம் திறமை போதவில்லையா, அன்று காலை அந்தப் பேராசிரியருக்கு நேரம்தான் போதவில்லையா என்பதை இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

பதில் வருவதற்கு வழி செய்வது பரிந்துரை. மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரும்பாலான விண்ணப்பங்கள் முழுமையாவதில்லை; மூன்றில் முதன்மையானது நெறியாளருடையது. ஆய்வாளரின் வேலையைப் பற்றி, அவர் எங்கே தடுமாறினார், எதைத் தானாகவே கண்டுபிடித்தார் என்று நேர்மையாக இரண்டு பக்கம் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். இந்தியாவில் பல மாணவர்களுக்குக் கிடைப்பது வேறு: நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுத வேண்டிய கூச்சத்தில் மாணவர் பொதுவான சொற்களால் பக்கத்தை நிரப்புகிறார். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பழக இனியவர். இந்தக் கடிதம் எதையும் சொல்வதில்லை. நன்றாக எழுதிய கடிதமும், எழுதியவரின் பெயரைப் பெறுபவர் கேள்விப்பட்டிருந்தால்தான் முழுப் பலம் பெறுகிறது. மாநாடுகளில் ஒருவரையொருவர் சந்தித்து, ஒரே மேசையில் காப்பி குடித்து, ஒருவரின் கட்டுரையை மற்றவர் மதிப்பிட்டு வளரும் அறிமுகம் அது. தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இருக்கும் மாணவருக்கு அந்த வட்டத்தின் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்; அவர் பேச்சு முடிந்ததும் மாணவர் ஒரு கேள்வி கேட்கிறார்; மறுநாள் கேன்டீனில் பேச்சு தொடர்கிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் பல்கலைக்கழகத்தில், மின்தடைக்குப் பயந்து இரவில் எக்ஸ்-கதிர் கருவியை ஓட்டும் மாணவருக்கு அப்படி ஒரு விருந்தினர் ஐந்தாண்டில் ஒருமுறை வந்தால் அதிகம்.

அவருக்கு உதவுவது சீனியர். தமிழ்நாட்டின் வேதியியல், பொருளறிவியல் துறைகளிலிருந்து தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் இத்தனை பேர் போஸ்ட்டாக்காகப் போயிருப்பதன் பின்னால் இந்தச் சங்கிலி இருக்கிறது. ஒருவர் போகிறார், நன்றாக வேலை செய்கிறார், ஒப்பந்தம் முடியும்போது அடுத்து யார் என்று அங்குள்ள பேராசிரியர் கேட்கிறார்; அண்ணன் தன் பழைய ஆய்வகத்துத் தம்பியின் பெயரைச் சொல்கிறார். விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும், எந்த மாதம் குளிர் அதிகம், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பது வரை வாட்ஸாப்பில் வந்துவிடும். இதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. பெரிய நிறுவனங்களின் அறிமுக வலையில் இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று நெய்துகொண்ட வலை இது. பல குடும்பங்களைக் கடனிலிருந்து மீட்டிருக்கிறது. ஆனால் சங்கிலி எங்கே போகிறதோ அங்கேதான் அதைப் பிடித்தவரும் போக முடியும். தன் ஆய்வுக் கேள்விக்குப் பொருத்தமான ஆய்வகம் எது என்று தேடிப்போவதற்கும், இடம் இருக்கிற ஆய்வகத்தின் கேள்வியைத் தன் கேள்வியாக ஆக்கிக்கொள்வதற்கும் உள்ள தூரம் பெரியது. பதினைந்து ஆண்டுக்குப் பின் ஒருவரின் கட்டுரைப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது: சூரிய மின்கலம், பிறகு நீரைப் பிளக்கும் வினையூக்கி, பிறகு பேட்டரி, பிறகு உணரி. ஒவ்வொன்றும் ஒரு ஒப்பந்தத்தின் நீளம்.

அறிமுகத்தின் பிடியிலிருந்து கொஞ்சமாவது விடுவிக்கக்கூடியவை தனிநபர் உதவித்தொகைகள். இங்கே பணம் ஆய்வுக்குழுத் தலைவரின் பெயரில் வராமல் ஆய்வாளரின் பெயரில் வருகிறது. எனவே அவர் கேட்கும் கேள்வியே முதலில் மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகைக்குப் பத்துப் பக்கத் திட்டம் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் தரத்துக்கு, 30 விழுக்காடு அதன் பயனுக்கு, 20 விழுக்காடு செய்துமுடிக்கும் வகைக்கு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. 2024இல் பத்தாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 1,700 பேருக்குக் கிடைத்தது. 2025இல் விண்ணப்பங்கள் பதினேழாயிரத்தைத் தாண்டின. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையும் ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமும் இதே போன்று தருகின்றன. ஆனால் இவை எல்லாவற்றிலும், உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானியத் திட்டத்தின் முக்கிய வழியில் விண்ணப்பத்தை அனுப்புபவரே அவர்தான். அறிமுகத்தைத் தாண்டிச் செல்வதற்கென்று வைத்த கதவிலும் அறிமுகமே சாவியாக இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி இருப்பதாகத் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒருவரை இரண்டாண்டுக்கு ஆய்வகத்துக்குள் விடுவதில், அதுவும் விலையுயர்ந்த லேசருக்கும் நச்சு வாயுவுக்கும் பக்கத்தில் விடுவதில், எந்தத் தலைவருக்கும் தயக்கம் இருப்பது நியாயமே.

உள்நாட்டில் 2015இல் தொடங்கிய தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை முக்கியமானது. முன்பு அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் நடத்தியது. இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டாண்டுக் காலம்; மாதம் 55,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் என்று பல ஆண்டுகள் இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற நிறுவனத்திலேயே இதைத் தொடர முடியாது என்பது நல்ல விதி. ஆளை நகர வைக்கிறது. கவலை தருவது வயது வரம்பு. பொதுப் பிரிவினருக்கு 35. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்தாண்டு தளர்வு. காகிதத்தில் பார்க்கும்போது தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் முதல் தலைமுறையாகப் படித்து வருபவரின் பாதையைப் பின்தொடர்ந்தால் வேறொரு கணக்கு வரும். பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிறகு எம்.ஃபில். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது, அதற்கு முன் அதில் ஆண்டுகளைச் செலவிட்டவர்கள் ஏராளம். அதன்பின் தங்கையின் கல்யாணக் கடனை அடைக்க மூன்றாண்டு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. பிறகு நெட் தேர்வு, ஆறாண்டு ஆய்வு, ஓராண்டு வைவாவுக்கான காத்திருப்பு. முனைவராகும்போது வயது 34. ஐரோப்பியத் திட்டம் பிறந்த ஆண்டைக் கேட்பதில்லை. முனைவரான பின் எட்டாண்டு ஆய்வு அனுபவத்துக்குள் இருந்தால் போதும், குழந்தைக்காகவோ நோய்க்காகவோ விட்ட காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. முப்பத்தாறு வயதுக்காரரின் மூளை ஆய்வுக்கு உதவாது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இந்த வரம்பு தாமதமாகத் தொடங்க நேர்ந்தவரைத் தண்டிக்கிறது; தாமதமாகத் தொடங்குபவர்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இருப்பதில்லை.

கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டால் பேச்சு. வழக்கமாக, செய்த ஆய்வைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கி, பிறகு குழுவிலுள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேச வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு கலிஃபோர்னியாவின் காலை பத்து மணி ஆண்டின் பெரும்பகுதியில் இரவு பத்தரைக்கு வரும். மின்விசிறியின் சத்தம் மைக்கில் கேட்காமலிருக்க அதை நிறுத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இந்த இடத்தில் விண்ணப்பதாரர் கேட்க மறந்துவிடும், அல்லது கேட்கத் துணியாத கேள்விகள்தான் அடுத்த மூன்றாண்டைத் தீர்மானிக்கின்றன. சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது? ஒப்பந்தம் ஓராண்டா, நீட்டிப்பு எதைப் பொறுத்தது? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? தொடங்கிய ஆய்வைப் போகும்போது தன்னோடு எடுத்துச் செல்ல விடுவார்களா? கடைசியாக அங்கே போஸ்ட்டாக்காக இருந்த மூவர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடையைத் தலைவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்த மூவரிடமே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பதில் எழுதுவார்கள். எழுதாமல் விட்டால் அதற்கும் ஒரு பொருள் உண்டு.

இடம் உறுதியானபின் விசா. பிரிட்டனில் இயற்பியல், பொருளறிவியல், பல பொறியியல் பிரிவுகளில் ஆய்வுக்கு வருபவர்கள் 2021 மே முதல் தனியாக ஒரு பாதுகாப்புச் சான்று பெற வேண்டும். இந்தியருக்கு விலக்கு இல்லை. அமெரிக்காவுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஜே-1 விசா. அதில் வந்தவர்களில் பலரை வேலை முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் கழிக்கக் கட்டாயப்படுத்திய திறன்பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு அது நிம்மதி. ஆனால் சென்னையின் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், விசா முடிவைத் தள்ளிவைக்கும் 221 ஜி தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருபவருக்கு அன்றிலிருந்து எத்தனை மாதம் என்று யாரும் சொல்வதில்லை. இருந்த வேலையை விட்டாயிற்று, வீட்டுச் சாமான்களை ஊருக்கு அனுப்பியாயிற்று, அங்கே ஆய்வகத்தில் நிதியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025இல் அமெரிக்க அரசு ஆய்வு நிதிகளைப் பெருமளவில் நிறுத்தியபோது, பல்கலைக்கழகங்கள் ஆளெடுப்பை முடக்கின. கையில் அழைப்புக் கடிதம் இருந்தவர்களும் அப்போது அந்தரத்தில் நின்றார்கள்.

பெண்களுக்கு இந்தத் தேடல் இன்னொரு வீட்டிலும் நடக்கிறது. முப்பது வயதை ஒட்டிய ஆண்டுகளில் ஒப்பந்தம் ஒப்பந்தமாக நாடு மாறச் சொல்லும் ஏற்பாடு, அதே ஆண்டுகளில் கல்யாணத்தையும் பிள்ளையையும் முடித்துவிடச் சொல்லும் சமூகத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. மகன் போனால் ஃபாரின். மருமகள் போக விரும்பினால், எதுக்கும்மா இவ்வளவு தூரம், இங்கேயே ஒரு காலேஜ்ல பாத்துக்கலாமே. கணவனும் மனைவியும் ஆய்வாளர்களாக இருந்தால் ஒரே ஊரில் இருவருக்கும் இடம் அமைவது அரிது. அமையாதபோது விட்டுக்கொடுப்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விட்டுக்கொடுத்தவரின் பெயர் எந்தத் தேர்வுக்குழுவாலும் நிராகரிக்கப்படவில்லை. அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்வி கடைசியில் வருகிறது. ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, பிரிட்டனில் அறிவியல் முனைவர்களில் நிலையான பல்கலைக்கழக ஆய்வுப் பணிக்கு வருபவர்கள் 3.5 விழுக்காடு, பேராசிரியராகிறவர்கள் 0.45 விழுக்காடு. ஐ.ஐ.டி.யில் முதல் நிலை உதவிப் பேராசிரியராக முனைவருக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆகவே ஆசைப்படுபவர் போஸ்ட்டாக் செய்தே ஆக வேண்டும், செய்தவருக்கெல்லாம் வேலை உண்டு என்ற உறுதி இல்லாமலே. 2020இல் நேச்சர் இதழ் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்ன ஏழாயிரத்துச் சொச்சம் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள், வேலை தந்த மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் அறிவியலை விட்டு விலக நினைத்ததாகச் சொன்னார்கள். ஜெர்மனியில் முனைவருக்குப் பின் தற்காலிக ஒப்பந்தம் ஆறாண்டைத் தாண்டக்கூடாது என்ற சட்டம், பாதுகாப்பு தரும் என்று எண்ணிக் கொண்டுவரப்பட்டது. ஆறாண்டு முடிந்தவர்களை அது வெளியே தள்ளியது. 2021இல் ‘நான் ஹன்னா’ என்ற முழக்கத்தோடு அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 48,000 ஆய்வுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், போஸ்ட்டாக்குகளும் அதில் இருந்தார்கள். ஊதிய உயர்வு கிடைத்தது. உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிகோ 1985இல் ஹங்கேரியில் வேலை போனபின், காரை விற்ற 900 பவுண்டை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போஸ்ட்டாக்காகப் போனார். பின்னர் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். 2023இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய உறுதியை வியக்கலாம். ஆனால் அந்த அளவு உறுதி இல்லாமல் யாரும் தாக்குப்பிடிக்க முடியாத ஓர் ஏற்பாடு, அறிவைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்ல முடியாது. தாங்கும் சக்தியைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது தற்செயல்.

ஆய்வு நிதியைப் பெருக்குவதும், நிலையான பணியிடங்களை உருவாக்குவதும், விசாவைச் சீர்செய்வதும் அரசுகளின் கையில் இருக்கின்றன. அவை மெதுவாகவே நகரும். வயது வரம்பை எடுத்துவிட்டு முனைவரானதிலிருந்து ஆண்டுகளை எண்ணுவது, உதவித்தொகையை மாதந்தோறும் ஒழுங்காகத் தருவது, ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பித் தரக் கெடு வைப்பது ஆகியவை அவ்வளவு கடினமல்ல; ஒரு சுற்றறிக்கையில் முடியும். அதைவிடவும் எளிதானவை சில. தன் ஆய்வகத்தில் இடம் வரும்போது தெரிந்தவரிடம் மட்டும் சொல்லாமல் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் போடுவது. மாணவருக்கான பரிந்துரையை நெறியாளர் தன் கையாலேயே எழுதுவது. வருகிற விருந்தினரை இருநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நாள் அனுப்பிவைப்பது. வேலை கேட்டு வந்த நேர்மையான கடிதத்துக்கு, இடம் இல்லை என்று ஒரு வரியாவது பதில் போடுவது. ஆய்வுக்குழு நடத்தும் ஒவ்வொருவரும் இவற்றை இந்த வாரமே தொடங்கலாம். இதற்கு எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை.